மேலத்தெருக்காரர்கள் ஏன் பிந்தி வருகிறார்கள்

இறங்கிப் போய்க் கேட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை தம்பி. உட்காருங்கள். பஸ் இப்போது நகராது. முன்னால் ஒருவன் குச்சியில் சிவப்புத் துணியைக் கட்டிக்கொண்டு நிற்கிறான் பாருங்கள், எங்கள் ஊர்ப் பையன்தான். ஓட்டக்காரர்கள் அந்தப் பாலத்தைத் தொட்டுத் திரும்பிப் போகிறவரைக்கும் ஒரு சைக்கிளைக்கூட விடமாட்டான். அரைமணி நேரம் ஆகலாம். முக்கால் மணியும் ஆகலாம். எந்தத் தெருவில் இருந்து எத்தனை பேர் ஓடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது அது.

சிரிக்காதீர்கள். உள்ளதைத்தான் சொல்கிறேன்.

தம்பிக்கு எந்த ஊர்? மதுரையா. மதுரையில் எந்தப் பக்கம்? எந்தத் தெரு? சரி சரி, சொல்ல வேண்டாம். சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன்.

நான் இந்த வெங்கலப்பட்டிதான். பெயர் அரியநாயகம். நெடுங்காலம் உரக்கடை வைத்திருந்தேன். கடை நடத்தினவனுக்கு ஒரு பழக்கம் வந்துவிடும். யார் எதைக் கொண்டுவந்து வைத்தாலும் ஒரு தடவை தூக்கிப் பார்க்காமல் இருக்க முடியாது. என் வீட்டுக்காரி சொல்வாள், "உங்களுக்கு நான் வைக்கிற குழம்புலயும் சந்தேகம். நான் செத்தாக்கூட மூச்சு நின்னுட்டுதான்னு ரெண்டு தடவை பாத்துட்டுத்தான் அழுவீங்க" என்று. அவள் போனபோது பார்த்தேன். இரண்டு தடவையோடு நிற்கவில்லை. அது போகட்டும்.

பொங்கல் முடிந்த கையோடு எங்கள் ஊரில் இந்த ஓட்டம் நடக்கும். இளைஞர் மன்றத்துக் கமிட்டி நடத்துகிறது. நோட்டீஸில் மாரத்தான் என்று போடுவார்கள். மொத்தம் எட்டு கிலோமீட்டர்தான். மந்தையில் வேட்டுப் போட்டதும் கிளம்பி, மேலத்தெரு முழுக்க ஓடி, தெற்குத்தெருவுக்குள் புகுந்து, மெயின் ரோடு ஏறி, இந்தப் பாலத்தைத் தொட்டுவிட்டு, ரோட்டோடு திரும்பிப் பள்ளிக்கூட மைதானத்தில் முடிக்க வேண்டும். ஆண்கள் ஓட்டம் காலையிலேயே முடிந்துவிட்டது. இப்போது வரப்போவது பெண்பிள்ளைகள்.

கிழக்குத்தெரு வழியாக ஓட்டம் போகாது. தெரு குறுகல் என்று கமிட்டியில் முடிவு செய்திருக்கிறோம். மணல் லாரி போய்வருகிறதே என்று ஒருவன் எழுந்து கேட்டான். லாரி வேறு, ஓட்டம் வேறு.

இப்போது நான் சொல்கிற கணக்கைக் கேளுங்கள். ஓட்டம் ஆரம்பித்த வருஷத்தில் இருந்து இன்று வரைக்கும், ஆணோ பெண்ணோ, முதலில் வருவது கிழக்குத்தெரு. அடுத்தது தெற்குத்தெரு. கடைசியில் எங்கள் மேலத்தெரு. ஒரு வருஷம் அப்படி, ஒரு வருஷம் இப்படி என்றால் ஒத்துக்கொள்ளலாம். எல்லா வருஷமும் ஒரே வரிசை. ஒரே ரோடு, ஒரே வெயில், எல்லாருக்கும் இரண்டு கால். ஒரே கம்பெனி யூரியா ஒரு கடையில் மட்டும் மூட்டைக்கு மூட்டை எடை மாறுகிறது என்றால் என்ன அர்த்தம்? யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

சாப்பாட்டில் குறையா என்றால், எங்கள் தெருவில் ஓடுகிற பிள்ளைகளுக்கு மார்கழியில் இருந்தே முட்டையும் பாலும் கொடுக்கிறோம். கிழக்குத்தெருவில் விடிந்தால் வேலைக்குப் போகிற பிள்ளைகள். பருத்தி எடுக்க, செங்கல் சூளைக்கு என்று நடையாக நடப்பார்கள். அந்தக் களைப்பில் எப்படி ஓட முடியும்? எனக்கு அங்கேதான் முதலில் இடித்தது.

அப்புறம் நான் யோசித்துக் கண்டுபிடித்தேன். தெற்குத்தெரு முடிகிற இடத்தில் பருத்திக்காட்டுக்குள் ஒரு ஒற்றையடிப் பாதை இருக்கிறது. அது பழைய ஜின்னிங் மில்லுக்குப் பின்னால் வந்து ரோட்டில் ஏறும். ரோட்டு வளைவு முழுக்க மிச்சம். அந்தக் காட்டில் வேலை செய்கிறவர்கள் கிழக்குத்தெருக்காரர்கள். பாதை அவர்களுக்குத்தானே தெரியும்?

அந்த வருஷம் நான் மில்லுக்குப் பின்னால் வேலிக்கருவைக்குள் உட்கார்ந்துகொண்டேன். முள் குத்தி வேட்டி கிழிந்தது. கண்ணை இமைக்கவில்லை. ஒருத்தரும் அந்தப் பக்கம் வரவில்லை. ஆனால் மைதானத்துக்குப் போய்ப் பார்த்தால் கிழக்குத்தெருப் பையன் மாலையோடு நிற்கிறான். நான் அங்கே உட்கார்ந்திருக்கிற சங்கதி அவர்களுக்கு எப்படித் தெரிந்தது? சொல்லுங்கள். அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது, நாம் நினைப்பதைவிட அவர்கள் கெட்டிக்காரர்கள்.

மறுவருஷம் கமிட்டித் தலைவர் சண்முகையாவிடம் சொல்லி, பாலத்தில் ஆளை உட்காரவைத்து, ஓட்டுப்போட்டால் வைப்பார்களே, அந்த மாதிரி விரலில் மை வைக்கச் சொன்னேன். முதலில் வந்தவன் விரலில் மை இருந்தது. மை வைத்தவன் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. அவன் தெற்குத்தெரு. கிழக்குத்தெருக்காரனோடு சூளையில் ஒன்றாகச் சீட்டுப் பிடிக்கிறவன்.

சண்முகையா எனக்குப் பங்காளி முறை. தலையில் அடித்துக்கொண்டு சொன்னான். "அண்ணே, நம்ம பிள்ளைக பிந்தி வாறதுக்கு நம்மளே காரணமா இருக்கலாம்லா?"

"நம்ம என்னடா செஞ்சோம்? மரியாதையா நின்னு வழியனுப்பி வைக்கோம். அதுவும் தப்பா?"

அந்த மரியாதையை உங்களுக்குச் சொல்ல வேண்டும். வெளியூர்க்காரர்கள் வந்தால் அதைப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். முதல் வருஷம் என் சித்தப்பா பேரன் ஓடினான். என் வாசலுக்கு நேராக வரும்போது எனக்குச் சும்மா நிற்க மனம் வரவில்லை. மறித்து நிறுத்தி, புதுத் துண்டு ஒன்றை எடுத்துக் கழுத்தில் போட்டு, நெற்றியில் திருநீறு பூசிவிட்டேன். அவனும் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஓடினான். தெருவே கைதட்டியது. மறுவருஷம் எல்லா வீட்டிலும் ஆரம்பித்துவிட்டார்கள். மாமன் போட்டால் பெரியப்பா விடுவாரா? பெரியப்பா போட்டால் சம்பந்தகாரர் பார்த்துக்கொண்டு நிற்பாரா? இப்போது மேலத்தெருவில் வீட்டுக்கு வீடு நிற்பார்கள். துண்டு, திருநீறு, ஒரு வாய் பன்னீர் சோடா. பெண்பிள்ளைகள் என்றால் பொன்னாடையும் குங்குமமும். குடிக்காமல் போனால் அந்த வீட்டுக்காரர் வருஷம் முழுக்கப் பேசமாட்டார். போட்ட துண்டைக் கழற்றி வீசுகிற பழக்கமும் எங்களிடம் கிடையாது. எங்கள் பையன்கள் மைதானத்துக்குள் வரும்போது கழுத்து தெரியாது. அத்தனை துண்டு. கடைசியாக வந்தாலும் பார்க்கக் கண் நிறைந்திருக்கும்.

தெற்குத்தெருவில் கடைக்காரர்கள். அவர்களுக்குச் சொந்தம் குறைச்சல். ஆளுக்கு இரண்டு மூன்று துண்டு விழும்.

கிழக்குத்தெருப் பிள்ளைகளுக்கு ஒன்றும் கிடையாது. வெறுங்கழுத்தோடு போவார்கள், வருவார்கள். அவர்களுக்குள் அந்த மாதிரி மரியாதை செய்கிற வழக்கம் இல்லை. எங்கள் தெருவில் வந்து நின்று அவர்கள் துண்டு போட முடியாது, அது வேறு விஷயம். என் சின்ன வயதில் அவர்கள் எங்கள் தெருவுக்குள் வந்தால் தோளில் கிடக்கிற துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொள்வார்கள். இப்போது யார் அதையெல்லாம் பார்க்கிறார்கள்? காலம் மாறிவிட்டது. எங்களுக்கு ஒரு வேற்றுமையும் கிடையாது. ஓட்டத்தில் அவர்கள் பெயரையும் சேர்க்கிறோமே.

என் கதைக்கு வருகிறேன்.

எனக்குப் பிள்ளை இல்லை. தங்கச்சி உலகம்மாளுக்கு ஒரே மகள், சுடர்மதி. தங்கச்சி மாப்பிள்ளை லாரி ஓட்டப் போன இடத்தில் விபத்தில் தவறிவிட்டார். பிள்ளைக்குத் தாய்மாமன் நான்தான் எல்லாம். காது குத்தினதும் என் மடியில்தான், சடங்குக்குச் சீர் கொண்டுபோனதும் நான்தான். அந்தப் பிள்ளைக்கு ஓட்டம் என்றால் உயிர். கோவில்பட்டியில் அவளுடைய பள்ளிக்கூடத்தில் ஆக்னஸ் என்று ஒரு விளையாட்டு டீச்சர். அந்த அம்மா வீட்டுக்கே வந்து சொன்னார். "உங்க ஊர் ஓட்டத்துல முதல் ரெண்டு இடத்துக்குள்ள வந்தா மாவட்டத் தேர்வுக்கு அனுப்பலாம்மா. அங்க எடுத்துட்டாங்கன்னா விளையாட்டு விடுதியில இடம். படிப்பு, சாப்பாடு, எல்லாம் அவங்களே பாத்துக்குவாங்க. பெறகு போலீஸ் வேலைக்குக்கூடப் போகலாம்."

உலகம்மாளுக்கு அதில் பிடித்தம் இல்லை. சிவகாசியில் ஒரு மாப்பிள்ளை கேட்டு வந்துகொண்டிருந்தார்கள். பையனுக்கு லேத் பட்டறை. அவள் முடிவாகச் சொன்னாள், "டீச்சர் சொன்ன மாதிரி வந்தா நான் குறுக்க நிக்கல. வரலைன்னா ஓடுனது போதும்னு உக்காந்துரணும். சம்மதமா?"

"சம்மதம்மா" என்றாள் பிள்ளை. பேசுகிற ரகம் இல்லை அவள்.

இது போன பொங்கலுக்கு முன்னால்.

போன வருஷம் ஓட்டத்தன்றைக்கு நான் விடியற்காலையிலேயே குளித்துவிட்டேன். ஜரிகை வைத்த பொன்னாடை, ரோஜா மாலை, வெள்ளித் தம்ளரில் ரோஸ் மில்க். என் மருமகள் மாவட்டத்துக்குப் போகிற பிள்ளை. மற்ற வீட்டுக்காரர்கள் மாதிரி துண்டைப் போட்டு அனுப்பிவிட முடியுமா? வேட்டுச் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் வருகிறாள். எங்கள் தெருவில் அதுவரைக்கும் அவள் மேல் நாலைந்து பொன்னாடை விழுந்திருந்தது. என்னைப் பார்த்ததும் ரோட்டின் அந்தப் பக்கமாக ஒதுங்கி ஓடினாள். நான் விடுவேனா? குறுக்கே போய்க் கையைப் பிடித்தேன்.

"மாமா, வேண்டாம் மாமா. விடுங்க மாமா."

வெட்கம். பெரிய பிள்ளையாகிவிட்டாள் அல்லவா.

"இருடி. போட்டோ எடுக்கணும்."

போட்டோ எடுக்க வந்த பையன் போனில் ஏதோ நிறைந்துபோய்விட்டது என்று அழித்துக்கொண்டிருந்தான். அதுவரைக்கும் பிடித்து நிறுத்திவைத்திருந்தேன். ரோஸ் மில்க்கை முழுக்கக் குடிக்கவைத்தேன். பிள்ளை கண்ணில் தண்ணீர் நின்றது. என் கண்ணிலும்தான். தாய்மாமன் மரியாதை என்றால் சும்மாவா? அதற்குள் கிழக்குத்தெரு ராஜகனி எங்களைத் தாண்டிப் போனாள். செருப்புக்கூட இல்லை அந்தப் பெண்ணுக்கு.

முடிவு என்ன ஆயிற்று? ராஜகனி முதல். தெற்குத்தெருப் பெண் ஒருத்தி இரண்டாவது. என் மருமகள் மூன்றாவது. மைதானத்தில் பொன்னாடைகளை எல்லாம் மடித்து ஓரமாக வைத்துவிட்டு, பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். ஆக்னஸ் டீச்சர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, எனக்குப் பிடிக்கவில்லை. ஏதோ நான் செய்த மாதிரி.

நான் சும்மா விடவில்லை. கமிட்டியில் போய்ப் புகார் சொன்னேன். ராஜகனி குறுக்கு வழியில் வந்தாள், என் மருமகள் இடம் பறிபோய்விட்டது என்று. சாட்சி உண்டா என்றார்கள். அவள் வந்து சேர்ந்த நேரமே சாட்சி என்றேன். என் வாசலில் என் மருமகளோடு சேர்ந்தாற்போல வந்த பெண், முடிவில் எட்டு நிமிஷம் முன்னால் போய்விட்டாள் என்றால் அந்த எட்டு நிமிஷம் எங்கே இருந்து வந்தது? ஒருத்தராலும் பதில் சொல்ல முடியவில்லை. சண்முகையா மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பதில் இருந்தால் சொல்லியிருக்க மாட்டானா?

கடைசியில் மறுநாள் காலையில் அந்தப் பெண்ணைத் தனியாக ஓடச் சொன்னார்கள். பின்னாலேயே சண்முகையா மோட்டார் சைக்கிளில் வருவது, நான் அவன் பின்னால் உட்கார்ந்துகொள்வது என்று பேச்சு. ராஜகனியின் அப்பா வந்திருந்தார். சூளை வேலைக்காரர். மகளிடம், "ஓடு தாயி. எத்தன தடவ கேக்காங்களோ, அத்தன தடவ ஓடு" என்றார். அதைச் சொன்ன தோரணையைக் கேட்டீர்களா? உள்ளே ஏதோ திட்டம் இல்லாமல் அப்படி ஒரு மனுஷன் பேசுவாரா?

ஓடினாள். நான் கண்ணை எடுக்கவில்லை. பருத்திக்காட்டுப் பக்கம் திரும்பவே இல்லை. ரோட்டோடுதான் ஓடினாள். முதல் நாளைவிட ஒரு நிமிஷம் முன்னதாக வந்து சேர்ந்தாள்.

"போதுமாண்ணே?" என்றான் சண்முகையா.

எப்படிப் போதும்? முதல் நாள் ஒரு நேரம், மறுநாள் ஒரு நேரம். உண்மையாக ஓடுகிறவளுக்கு இரண்டு நாளும் ஒரே நேரம்தானே வர வேண்டும்? அதோடு இன்னொன்று. பின்னால் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டுக்கொண்டே வருகிறது. அந்தப் பெண் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மடியில் கனமில்லாத பிள்ளை என்றால் யார் வருகிறார்கள் என்று ஒரு தடவையாவது பார்க்காதா? நான் இதைச் சொன்னதும் கூட்டத்தைக் கலைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள்.

சிவகாசிக்காரர்கள் பாக்கு வெற்றிலையோடு வந்தார்கள். ஆக்னஸ் டீச்சர் குறுக்கே விழுந்து தடுத்தார். ஒரே ஒரு வருஷம் தவணை கொடுங்கள், அடுத்த பொங்கல் வரைக்கும் என்று உலகம்மாள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். டீச்சருக்கு எங்கள் பிள்ளை மேல் ஏன் இவ்வளவு அக்கறை என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. உலகம்மாள் அரைமனதாகத் தலையாட்டினாள். ஆகவே தம்பி, இன்றைக்குத்தான் அந்தத் தவணை. இன்றைக்கு முதல் இரண்டு பேருக்குள் வந்தால் விடுதி. இல்லாவிட்டால் தை கடைசியில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் மண்டபம் பேசிவைத்திருக்கிறார்கள்.

நடுவில் ஒரு சங்கதி நடந்தது. ஆடி மாதம் கோவில்பட்டியில் பள்ளிக்கூடங்களுக்குள் ஒரு ரோட்டு ஓட்டம். அதே எட்டு கிலோமீட்டர்தான். அதில் சுடர் இரண்டாவதாக வந்தாள். முதலாவது யார் என்று கேட்காதீர்கள், அதே ராஜகனி. ஆனால் சுடர் ஓடிய நேரத்தைச் சொன்னார்கள், எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் ஊரில் ஓடியதைவிடப் பத்து நிமிஷத்துக்கும் மேலே குறைவு. அதே பிள்ளை, அதே கால். சொந்த ஊர் ரோட்டில் இல்லாத வேகம் வேற்றூர் ரோட்டில் எப்படி வரும்? ரோட்டைக் குறைத்து அளந்திருக்கிறார்கள். நான் என் மொபெட்டை எடுத்துக்கொண்டு போய் அந்த ரோடு முழுக்க ஓட்டிப் பார்த்தேன். மீட்டர் சரியாக எட்டு காட்டியது. வீட்டுக்கு வந்து மீட்டரைக் கழற்றி மெக்கானிக்கிடம் கொடுத்தேன். பழுது ஒன்றும் இல்லை என்கிறான். அவனும் கோவில்பட்டிக்காரன்தானே.

கார்த்திகையில் ஒரு நாள் சாயங்காலம் ஜின்னிங் மில் பக்கம் போனேன். அந்த ரோட்டில் சுடரும் ராஜகனியும் சேர்ந்து ஓடி வருகிறார்கள். ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டு. என்னைக் கண்டதும் இருவரும் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். "என்னட்டி, இவகூட?" என்றேன். "பழகுறோம் மாமா" என்றாள். எதைப் பழகுகிறார்கள்? அந்த இடத்தில் வைத்தா பழக வேண்டும்? அன்றைக்கு இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இப்போது நேற்று நடந்ததைக் கேளுங்கள். சாயங்காலம் சுடர் மேலத்தெருவில் வீடு வீடாகப் போயிருக்கிறாள். பெரியப்பா வீடு, சின்ன மாமா வீடு, சம்பந்தகாரர் வீடு, ஒன்று விடவில்லை. "இப்பவே ஆசீர்வாதம் பண்ணிருங்க" என்று காலில் விழுந்து, பொன்னாடையை வாங்கிக்கொண்டு, சோடாவையும் குடித்துவிட்டு, "நாளைக்கு ரோட்டுல நின்னு சிரமப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். வீட்டில் கட்டிலில் ஒரு குவியல் கிடந்தது. இப்படி ஒரு வழக்கம் எங்கள் ஊரில் உண்டா? யார் சொல்லிக்கொடுத்தது?

கடைசியாக என் வீட்டுக்கு வந்தாள். நானும் பொன்னாடையைத் தயாராக எடுத்துவைத்தேன். அவள் காலில் விழவில்லை. முன்னால் உட்கார்ந்துகொண்டாள்.

"மாமா, நாளைக்குக் காலையில கோவில்பட்டிக்குப் போயிட்டு வாங்க."

"எதுக்கு?"

"அம்மாவுக்கு மருந்து வாங்கணும்."

"நாளன்னிக்குப் போறேன்."

"நாளைக்கே போங்க மாமா. ஒம்போது மணி பஸ்ல."

"அப்ப நீ ஓடுறத நான் பாக்க வேண்டாமா?"

"மத்தவங்ககிட்ட சொன்னா கேட்டுக்குவாங்க மாமா. உங்களால முடியாது. நீங்க ஆச வச்சிருக்கீங்க. என்னயக் கண்டா உங்களுக்குக் கை நிக்காது" என்றாள். அவள் வாழ்க்கையில் என்னிடம் இவ்வளவு நீளமாகப் பேசியதே இல்லை. சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு படுத்துக்கொண்டு யோசித்தேன். ஊரில் இத்தனை பேர் இருக்கும்போது என்னை மட்டும் ஏன் அப்புறப்படுத்த வேண்டும்? ஓட்டத்தை விடாமல் கவனிக்கிறவன் நான் ஒருவன்தான். ரோட்டில் நான் இல்லாவிட்டால் யாருக்கு வசதி? நீங்களே சொல்லுங்கள். பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது, அவள் வாயில் யாரோ வார்த்தையை வைத்து அனுப்பியிருக்கிறார்கள்.

ஆனாலும் கிளம்பினேன். பிள்ளை கேட்டுவிட்டாள். மந்தையில் நான் ஏறும்போது கோடு போட்டுப் பெண்பிள்ளைகளை நிறுத்தியிருந்தார்கள். கையைக்கூட ஆட்டவில்லை நான். டிரைவர் நேரத்துக்கு எடுத்துவிட்டார். பாலத்தைத் தாண்டுவதற்குள் இந்தச் சிவப்புத் துணிக்காரன் மறித்துவிட்டான். நானாக இங்கே நிற்கவில்லை. அதற்கு நீங்கள்தான் சாட்சி.

என்ன கண்டக்டர் தம்பி? ஆமாம், நான்தான். "இந்த வருசமாவது பஸ்ஸுக்குள்ளயே இருங்க மாமா" என்கிறான் பாருங்கள். எங்கள் பக்கத்து ஊர்க்காரன். எல்லாருக்கும் என்னைக் கண்டால் ஒரு இளக்காரம். நான் எங்கே போகப்போகிறேன்? மேலத்தெருப் பிள்ளை இந்தப் பாலத்துக்கு வர அரைமணி நேரமாவது ஆகும். இப்போதுதானே வேட்டுப் போட்டார்கள். அதுவரைக்கும் நான் உங்களுக்கு இன்னொரு விஷயம், போன மாதம் டீச்சர் ராஜகனிக்கு ஷூ வாங்கிக்கொடுத்த விஷயம்…

என்ன சத்தம்?

வருகிறார்களா? யார்? கொஞ்சம் தள்ளுங்கள், ஜன்னல் பக்கம் தலையை எடுங்கள். இரண்டு பேர். முன்னால் வருகிறவள் ராஜகனி. அது தெரிந்ததுதான். பக்கத்தில் யார் அது, நீலச் சட்டை? தெற்குத்தெருப் பெண்ணா? இல்லையே. கை வீச்சு நம் பிள்ளை மாதிரி…

சுடர்.

சுடர்தான் தம்பி. வெறுங்கழுத்தோடு வருகிறாள்.

இல்லை கண்டக்டர், இறங்கவில்லை. எழுந்து நின்றுதான் பார்க்கிறேன். படியில் கால் வைக்கவில்லை, பாருங்கள். கையைக்கூடக் கம்பியில்தான் வைத்திருக்கிறேன். என்னைப் பார்த்துவிட்டாள். பார்த்தீர்களா, பஸ்ஸில் என்னைக் கண்டதும் ஒரு நொடி கால் தடுமாறிற்று. ரோட்டின் அந்த ஓரத்துக்கு, மண்ணில் இறங்கி ஓடுகிறாள். ராஜகனி அவள் கையைத் தட்டி ஏதோ சொல்கிறாள். மறுபடி ரோட்டில் ஏறிவிட்டாள். பாலத்தைத் தொட்டாயிற்று. இரண்டு பேரும் திரும்பிவிட்டார்கள். பின்னால் ஒருத்தரையும் காணோம். இந்தப் பக்கமாகத்தான் மறுபடி வருகிறாள். இதோ. இதோ போய்விட்டாள்.

என்ன ஓட்டம்.

தம்பி, உங்கள் வாட்சில் மணி என்ன?

சரியாகப் பார்த்துச் சொல்லுங்கள். ஒன்பது பதினெட்டா? உங்கள் வாட்ச் மெதுவாக ஓடவில்லையே? முன் சீட்டில் இருக்கிற அந்த அம்மாவிடம் கேளுங்கள். அவர்களும் அதையே சொல்கிறார்களா?

இருக்கவே முடியாது. ஒன்பது மணிக்கு வேட்டு. மேலத்தெருப் பிள்ளை பதினெட்டு நிமிஷத்தில் இங்கே வந்தது சரித்திரத்திலேயே கிடையாது. போன வருஷம் இவளே அரைமணி தாண்டித்தான் இந்தப் பாலத்துக்கு வந்தாள். அதற்கு நான் பொறுப்பு. பன்னிரண்டு நிமிஷம். அந்தப் பன்னிரண்டு நிமிஷம் எங்கே போயிற்று?

எனக்குத் தெரியும். உங்களுக்கும் புரிந்திருக்கும். இத்தனையும் கேட்டுக்கொண்டுதானே வந்தீர்கள். ஜின்னிங் மில் பாதை. அந்தப் பெண் இவளுக்கும் காட்டிக்கொடுத்துவிட்டாள். நான் அங்கே இருந்தால் நடக்காது என்றுதான் என்னை பஸ் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். என்னைக் கண்டதும் தடுமாறினாளே, ஒதுங்கினாளே, அது ஏன்? என் கையில் வளர்ந்த பிள்ளை. ஒரு பொய் சொல்லத் தெரியாது அதற்கு.

போன் சட்டைப் பையில்தான் இருக்கிறது. சண்முகையா நம்பர் முதலிலேயே வரும். வருஷா வருஷம் இந்த நேரத்துக்கு நான் கூப்பிடுகிறவன்தான். இப்போது கூப்பிட்டால்கூட மைதானத்துக்குள் போவதற்குள் நிறுத்திவிடலாம்.

…

உள்ளே வைத்துவிட்டேன். பார்த்துக்கொள்ளுங்கள்.

இத்தனை வருஷத்தில் யாருக்கும் நான் விட்டுக்கொடுத்தது கிடையாது தம்பி. ஊரே சிரித்தபோதும் நியாயத்தை விடவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை இரண்டாவதாக வந்துவிடுவாள். விடுதிக்குப் போய்விடுவாள். தகப்பன் இல்லாத பிள்ளை. போகட்டும்.

கடைசிப் பிள்ளையும் பாலத்தைத் தொட்டுத் திரும்பியாயிற்று. துணியை இறக்கிவிட்டான், பஸ்ஸை எடுக்கிறார்கள். உட்காருங்கள். கோவில்பட்டியில் யாராவது உங்களைக் கேட்டால், யாரும் கேட்கப்போவதில்லை, இருந்தாலும் கேட்டால், பஸ்ஸில் ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், வழி நெடுகத் தூங்கிக்கொண்டே வந்தார் என்று சொல்லுங்கள். உங்களுக்கும் ஒன்றும் தெரியாது. நீங்களும் எதையும் பார்க்கவில்லை.